பெகுவில் பெரியப்பா இல்லாத பொங்கல்

முதல் நாள். 12 ஜனவரி 2019, சனி, ரங்கூன்

நள்ளிரவு சென்னையில் கிளம்பி பாங்காக்கில் விமானம் மாறி பர்மாவின் ரங்கூனில் இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது. கடிகாரத்தை நம் நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். இப்போது இந்த ஊருக்கு யாங்கோன் என்று பெயர், பெகுவுக்கு பகோ. வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் இங்கேயும் பழைய பெயர்களே வரும்.

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, போன ஐப்பசியில் பெகு பக்கத்துக் கிராமத்தில் தவறிவிட்டார். 71 வயது. செய்தி வந்த அன்று என் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது, புதுப்பித்து விசா வாங்குவதற்குள் கருமாதி முடிந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, நாலு படி ஏற முடியாது. ஆகப் பதினாறாம் நாள் காரியத்தில் தம்பி வீட்டுச் சார்பாக ஒருவர்கூட நிற்கவில்லை. அப்பா அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "அண்ணன் இல்லாத முதல் பொங்கல், நீயாவது போய் நில்லுடா" என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

எங்கள் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சண்டைக்கு முன்பே இங்கே வந்தவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள், தாத்தா போகவில்லை. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகள் அரசாங்கத்துக்குப் போயின, 1964 மே மாதம் 50 ரூபாய், 100 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள் (சாட் என்பது இங்கத்திய பணம், நம்மவர்கள் ரூபாய் என்றுதான் சொல்வார்கள்). அந்த வருஷம் புரட்டாசியில் தாத்தா, பாட்டி, ஒன்பது வயது அப்பா, இரண்டு அத்தைகள் எல்லோரும் மெட்ராஸ் கப்பல் ஏறினார்கள். பெரியப்பாவுக்குப் பதினேழு வயது. அவர் மட்டும் ஏறவில்லை. வயலில் நெல் நிற்கிறது, இரண்டு மாடு கட்டிக் கிடக்கிறது, "அறுப்பு முடிஞ்சதும் அடுத்த கப்பல்ல வந்துடுறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அவர் வந்தது 1996இல். முப்பத்திரண்டு வருஷம் கழித்து, இருபத்திரண்டு நாளைக்கு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மெரினாவுக்குக் கூட்டிப் போனோம், அவர் கடலைப் பார்த்ததைவிடக் கரையில் சோளம் சுட்டு விற்றவரிடம் எந்த ஊர்ச் சோளம், ஏக்கருக்கு எவ்வளவு காணும் என்று கேட்டுக்கொண்டிருந்ததுதான் எனக்கு ஞாபகம். தஞ்சாவூரில் தாத்தாவின் ஊருக்குப் போனபோது வாய்க்காலில் இறங்கி ஒரு கைப்பிடி களிமண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார், "நம்ம பெகு மண்ணுதான்" என்று சிரித்தார்.

சாயங்காலம் கோன்ஸெடான் தெருவில் காளி கோயிலுக்குப் போனேன். 1871இல் நம் ஆட்கள் கட்டியது. அர்ச்சனைக்குப் பெரியப்பா பெயரைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டு, பெரியம்மா பெயரைச் சொன்னேன். காலையில் ரயில்.

இரண்டாம் நாள். 13 ஜனவரி, ஞாயிறு, பெகு

ரங்கூனிலிருந்து பெகு 80 கிலோமீட்டர்தான், ரயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பெட்டி பக்கவாட்டில் ஆடுகிற ஆட்டம் பரவாயில்லை, மேலும் கீழும் குதிக்கிறபோதுதான் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காடை முட்டை, சமோசா, வெற்றிலைச் சுருள் எல்லாம் தலையில் சுமந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுத்த வயல். நெல் தாள் மொட்டையாக நிற்கும் என்று நினைத்துப் பார்த்தால் பச்சை. முழங்கால் உயரத்துக்குக் கீழே, அடர்த்தியாக, கண்ணுக்கு எட்டுகிற வரை பச்சை. உளுந்து! பக்கத்தில் இருந்தவரிடம் கை காட்டிக் கேட்டேன், "மட்பே" என்றார். உளுந்துக்கு பர்மிய மொழியில் அதுதான் பெயர்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. நம் ஊர் இட்லிக்குப் போகிற உளுந்தில் ஒரு பங்கு பல வருஷமாக இங்கிருந்துதான் கப்பலில் வருகிறது. பர்மாக்காரர்கள் உளுந்தை அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை, விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு, அதிலும் இந்தியாவுக்கு. கார்த்திகையில் நெல் அறுப்பு முடிந்து மண்ணில் ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டும், அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, இருக்கிற ஈரமும் இரவுப் பனியுமே போதும், மாசி பங்குனியில் பிடுங்கிவிடலாம். தஞ்சாவூரில் நெல் தரிசில் உளுந்து தெளிப்பார்களே, ஏறக்குறைய அதே கணக்கு. பெரியப்பா ஐம்பது வருஷமாக இதைத்தான் செய்தார், மழைக்கு நெல், பனிக்கு உளுந்து. வியாசர்பாடியில் அம்மா ஆட்டுகிற மாவில் எத்தனை தடவை அவர் வயல் உளுந்து கலந்திருக்கும் என்று ரயிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். தெரிந்துகொள்ள வழியே இல்லை.

2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு வரம்பு வைத்தது. உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் டன் என்று. இங்கே விலை சரிந்துவிட்டது. அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை போனில் பெரியப்பா ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசினார், ஆனால் கோபப்படவில்லை. "அங்கயும் உளுந்து போட்டவன் விலை இல்லாமக் கெடக்கான்ல தம்பி, அவனும் பொழைக்கணும்ல" என்றார். எனக்கு அது அன்றைக்குப் பெரிதாகப் படவில்லை. விற்காத மூட்டை வீட்டில் அடுக்கியிருக்க அப்படிச் சொன்ன மனுஷன் என்பது இன்று அந்தப் பச்சையைப் பார்க்கும்போதுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் 2014க்கு அப்புறம் வந்த வழக்கம். அதுவரை இங்கே சிம் கார்டு என்பது பணக்காரர்களின் பொருள், 2014இல்தான் 1,500 சாட்டுக்குச் சாதாரண ஆளுக்கும் கிடைத்தது. அண்ணன், பெரியப்பாவின் மகன், வாங்கிக் கொடுத்த போனில் வாராவாரம் பேசுவார். முதல் கேள்வி எப்போதும் "மழை உண்டா?" சென்னையில் குடையோடு வேலைக்குப் போகிற எனக்கு மழை ஒரு இடைஞ்சல், அவருக்கு நான் சொல்லும் பதில் ஏதோ நெருங்கிய சொந்தக்காரர் நலம் மாதிரி.

பெகு ஸ்டேஷனுக்கு அண்ணன் மோட்டார் பைக்கில் வந்திருந்தார். பெரியப்பாவின் அதே நெற்றி. இருவருமே பேசவில்லை, பையை வாங்கிக்கொண்டார். வெளிநாட்டுக்காரர்கள் வீடுகளில் இரவு தங்க முடியாது என்பதால் பெகுவில் ஒரு விடுதியில் அறை போட்டு, பகலில் கிராமத்துக்குப் போய் வருவதாக ஏற்பாடு. அப்பா பிறந்த வீட்டுக்கு நான் வெளிநாட்டான்.

மூன்றாம் நாள். 14 ஜனவரி, போகி

வாய்க்கால் ஓரமாக முக்கால் மணி நேரப் பயணம். வழியில் எதிரே தொலாஜி வந்தால் பைக்கை மண்ணில் இறக்கி நிற்க வேண்டும், உழுகிற எஞ்சினையே முன்னால் பூட்டி ஆளும் மூட்டையும் ஏற்றுகிற வண்டி அது.

மரக்கால்கள் மேல் நிற்கிற பலகை வீடு, தகரக் கூரை. பெரியம்மா கைலி கட்டி, கன்னத்தில் தனாக்கா (இங்கே பெண்கள் பூசுகிற மரப்பட்டைச் சாந்து) பூசாமல், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுவார் என்று நினைத்தேன். "சாப்பிட்டியா ராசா" என்றுதான் கேட்டார். அப்புறம் அண்ணி சோறு போட்டு, கீரைக் குழம்பும் நாப்பி என்கிற புளித்த மீன் விழுதில் செய்த துவையலும் வைத்து, நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பின்னால் வந்து நின்று என் முதுகைத் தடவிக்கொண்டு அழுதார்.

சாவுச் சான்றிதழை அண்ணன் காட்டினார். அதில் இருந்தது எனக்குத் தெரியாத ஒரு பர்மியப் பெயர். இங்கே நம் ஆட்கள் நிறைய பேருக்கு இரண்டு பெயர் உண்டு, கோயிலுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. இத்தனை வருஷம் பேசியும் பெரியப்பாவின் இன்னொரு பெயரை நான் கேட்டதே இல்லை.

மதியத்துக்கு மேல் வயலுக்குப் போனோம். வரப்பில் ஒரு கிழவர் குத்துக்காலிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்காரர், பர்மாக்காரர், வீட்டில் எல்லோரும் அவரை ஊஜி என்கிறார்கள், அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பெரியப்பா. ஊரில் பாதிப் பேர் நம்மவர்கள் என்பதால் சின்ன வயசிலேயே தமிழ் படிந்துவிட்டது. "வா தம்பி, ஒங்க பெரியப்பன் வயலப் பாக்க வந்தியா" என்றார். அச்சு அசல் பெரியப்பாவின் பேச்சு. அரை நிமிஷம் எனக்கு வாய் வரவில்லை.

"நல்ல ஆளுன்னு எல்லாரும் சொல்லுவான். நான் சொல்ல மாட்டேன். தண்ணி விஷயத்துல பொல்லாதவன். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து மடைய மாத்தி வெட்டி விட்டுருவான். நான் மூணு மணிக்கு எந்திரிச்சு வந்து திருப்பி வெட்டுவேன். நாப்பது வருஷம் சண்ட."

அந்தப் பொல்லாத ஆளின் நிலம் பல வருஷம் இந்த ஊஜியின் பெயரில்தான் இருந்திருக்கிறது! நிலமெல்லாம் அரசாங்கத்துடையது, உழுகிற உரிமை மட்டும்தான் ஆளுக்கு, அதுவும் குடிமகனுக்கு. பெரியப்பாவிடம் இருந்தது வெளிநாட்டார் பதிவு அட்டை. ஒரு துண்டுக் காகிதம்கூட இவர்களுக்குள் எழுதிக்கொள்ளவில்லை. 2012இல் புதிய விவசாய நிலச் சட்டம் வந்து ஏழாம் நம்பர் படிவம் என்று உரிமைச் சான்று கொடுக்கத் தொடங்கியபோது, ஊஜி தானே அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அதை அண்ணன் பெயருக்கு எழுத வைத்திருக்கிறார். அண்ணன் மூன்றாம் தலைமுறை, அவருக்குக் குடியுரிமை இருக்கிறது.

"எனக்கு என்ன தம்பி கஷ்டம். கொள்முதல் காலத்துல அவன் எனக்குச் செஞ்சதப் பாத்தா இது ஒண்ணுமில்ல" என்றார். 2003 வரை இங்கே ஏக்கருக்கு இத்தனை கூடை நெல் என்று அரசாங்கத்துக்கு, அவர்கள் சொல்கிற குறைந்த விலைக்கு, கட்டாயமாக அளக்க வேண்டும். ஒரு கூடை சுமார் 21 கிலோ. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டும், இல்லாதவர்கள் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கியாவது அளந்தார்கள். ஒரு வருஷம் ஊஜியின் வயல் முழுக்கப் பூச்சி விழுந்துவிட்டது, பெரியப்பா தன் விதை நெல்லை வைத்துக்கொண்டு மீதியைக் கொண்டுபோய் ஊஜி பெயரில் அளந்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வருஷம் வீட்டில் ஆறு மாசம் கஞ்சிதான் என்று அண்ணன் சொன்னார்.

பெரியப்பா தவறிய ஏழாம் நாள் ஊஜி பிக்குகளை அழைத்து அன்னமிட்டாராம். பதினாறாம் நாள் நம் முறைப்படி கருமாதி. தம்பி வீட்டு ஆள் இல்லாத இடத்தில் நின்றதும் ஊஜிதான் என்று பெரியம்மா சொன்னார். இதை இன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

நான்காம் நாள். 15 ஜனவரி, பொங்கல்

துக்க வீடு, அதனால் பொங்கல் இல்லை. தெருவில் மற்ற வீடுகளில் காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார்கள், "பொங்கலோ பொங்கல்" என்று குழந்தைகள் கத்துவது கேட்டது. பெரியம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிண்ணம் கிண்ணமாகச் சர்க்கரைப் பொங்கல் வந்தது, மதியத்துக்குள் பதினேழு கிண்ணம், நான் எண்ணினேன்.

சும்மா இருக்க முடியாமல் அண்ணன் பரணிலிருந்து பெரியப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே துணியில் சுற்றிய நோட்டுப் பணம்: 75 ரூபாய் நோட்டும் 35 ரூபாய் நோட்டும். இந்த விசித்திரமான நோட்டுகளை 1985, 86இல் வெளியிட்டு, 1987 செப்டம்பர் 5ஆம் தேதி செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்துவிட்டார்கள், மாற்றிக்கொள்ளவும் வழி கொடுக்கவில்லை. இரண்டு வருஷ நெல்லும் உளுந்தும் விற்ற காசு அப்படியே காகிதமாகிவிட்டது.

பணத்துக்கு அடியில் கையளவு நோட்டுப் புத்தகங்கள், 1972இலிருந்து வருஷத்துக்கு ஒன்று. எல்லாம் தமிழில். பெரியப்பா கோயில் திண்ணையில் தமிழ் படித்தவர். அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது, அவர் காலத்தில் இங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. "கணக்கு நோட்டுன்னு நெனச்சோம். என்ன எழுதியிருக்கார்னு படி" என்றார்.

கணக்கும் இருந்தது, ஆனால் நாளுக்கு ஒரு வரி. மழை, நாற்று, களை, கூலி, யார் வீட்டில் சாவு, எந்த மாடு சினை. 87ஆம் வருஷ நோட்டை எடுத்து அந்தச் சனிக்கிழமையைத் தேடினேன். "ஆவணி. 75, 35, 25 செல்லாதாம். வடக்கு வயல் களை எடுத்தோம், ஆறு ஆள். பயிர் பச்சை கட்டிவிட்டது." அவ்வளவுதான். மறுநாளும் களை.

சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். பெரியம்மா எழுந்து வந்து உட்கார்ந்தார், அண்ணி வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். 2008இல் ஐராவதி டெல்டாவில் நர்கிஸ் புயல் வந்த மே மாசத்துக்கு அப்புறம் "டெல்டாவுக்கு விதை நெல் 20 கூடை, கடன் இல்லை" என்று ஒரு வரி. 96இல் எங்கள் வீட்டுக்கு வந்த இருபத்திரண்டு நாளும் எழுதியிருக்கிறார். ஒரு நாள்: "தம்பி மகன் நல்லாப் படிக்கிறான். கால் செருப்பு சின்னதாகிவிட்டது, வாங்க வேண்டும்." எனக்கு ஞாபகம் வந்தது, பழுப்பு நிறப் பட்டை வைத்த செருப்பு, ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போனேன். வாங்கிக் கொடுத்தது அப்பா என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கடைசி நோட்டு 2018. ஆடியில் வெள்ளம். ஜூலை கடைசியில் பெகு வட்டாரமே தண்ணீரில் நின்றது, நட்ட பயிர் ஒன்பது நாள் முங்கிக் கிடந்து அழுகிவிட்டது, மேட்டு ஊரிலிருந்து நாற்று வாங்கி வந்து மறுபடி முழுக்க நட்டிருக்கிறார்கள். 71 வயதில் அவரும் குனிந்து நட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில்தான் முதல் தடவை வந்தது: "கால் வீக்கம்." நான் படித்துவிட்டு நிறுத்தினேன். அண்ணன் "என்ன, திருப்பிப் படி" என்றார். அடுத்த வாரமும் "கால் வீக்கம், இரவு மூச்சு." ஆவணியில் நான்கு தடவை. புரட்டாசியில் ஏறக்குறைய தினமும், மழைக்கும் பயிருக்கும் பின்னால், வரியின் கடைசியில்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மடிப்புக் கைலியை இறக்கிக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். ஐப்பசியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இருதயம் ரொம்பப் பலவீனம் என்றார்கள், மூன்றே நாள். மூன்று மாசமாக எழுதி வைத்திருக்கிறார், அதே வீட்டில், எல்லோர் கண் முன்னாலும், யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில். அண்ணன் நோட்டை என் கையிலிருந்து வாங்கி அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது 'கால்'ஆ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பெரியம்மா, "அவுக அப்படித்தான், அறுப்பு முடியட்டும்னு இருந்திருப்பாக" என்றார்.

இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஐந்தாம் நாள். 16 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

மாட்டுக்குத் துக்கம் கிடையாது என்று பெரியம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். உழவுக்கு எஞ்சின் வந்த பிறகும் பெரியப்பா ஒரு ஜோடி மாட்டை விற்கவில்லை. அண்ணனும் நானும் வாய்க்காலில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டினோம். அப்பா போனில் ஒரு படித்துறையைப் பற்றிக் கேட்டிருந்தார், அவர் நீந்தப் பழகிய இடம். கல் இரண்டு மட்டும் மிச்சம் இருக்கிறது, அதில்தான் நின்று குளிப்பாட்டினோம், போட்டோ எடுத்து அனுப்பினேன். ஊஜி கொம்புக்குச் சிவப்புச் சாயம் பூசினார், ஒரு கொம்பில் கொஞ்சம் வழிந்துவிட்டது, அதற்கும் பெரியப்பாவைத்தான் திட்டினார், "இருந்திருந்தா அவன் பூசியிருப்பான்ல."

வயலில் சாமி கும்பிட்டுவிட்டு வரப்போரம் நடந்தோம். உளுந்துச் செடி ஒன்றை அண்ணன் நிமிர்த்திக் காட்டினார். இலைக்கு அடியில் மஞ்சள் பூ, அதற்குக் கீழே ஒரு அங்குல நீளத்துக்கு ரோமம் வைத்த பிஞ்சுக் காய், தொட்டால் விரலில் சுணைக்கிறது. பெரியப்பா இல்லாமல் அண்ணன் தனியாக விதைத்த முதல் உளுந்து. சரியாக வருமா என்று தினமும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

கிளம்பும்போது பெரியம்மா இரண்டு வீசை உடைத்த உளுந்தை மூட்டை கட்டி வைத்திருந்தார். வீசை நம் சொல்தான், நம் ஊரில் வழக்கொழிந்துவிட்டது, இங்கே சந்தையில் இன்றும் அதில்தான் நிறுக்கிறார்கள், இங்கத்திய வீசை 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். போன வருஷத்து உளுந்து, பெரியப்பா கையால் விதைத்தது. அம்மாவிடம் கொடுத்து இட்லிக்குப் போடச் சொல்ல வேண்டும், அப்பா முதலில் சாப்பிட வேண்டும்.

பைக்கைக் கிளப்பப் போன அண்ணன் திரும்ப உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அதே கையளவு, 2019க்குப் புதிதாக வாங்கியது. சில பக்கங்கள் பர்மிய எழுத்தில் நிரம்பியிருந்தன, கார்த்திகையிலிருந்து அவரே எழுதிவருகிறாராம். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்குள்ளத நீ தமிழ்ல எழுது. கீழ நான் பர்மால எழுதிக்கிறேன், பாத்துப் பாத்துப் படிச்சுக்குவேன்."

பைக் சீட்டில் நோட்டை வைத்து, அவருக்குப் புரிகிற மாதிரி எழுத்தைப் பெரிதாக, பிரித்துப் பிரித்து எழுதினேன்.

தை 2. மழை இல்லை. மாடு குளிப்பாட்டினோம். உளுந்து பூ வைத்து, பிஞ்சு இறங்கிவிட்டது.